மும்பை ஈரத்துக்கு பீச் மரம் தாங்குமா?

செம்பூர்வாசி:
வணக்கம். வீட்டுக்கு மூன்றடி அகலச் சாப்பாட்டு மேசையும் ஆறு நாற்காலிகளும் செய்யவும், பழைய ஜன்னல் சட்டங்களை மாற்றவும் எண்ணியிருக்கிறோம். தேக்கு விலை கட்டுப்படியாகாததால் எல்லாவற்றையும் ஸ்டீம் பீச்சிலேயே (நீராவியில் பதப்படுத்திய பீச், அதாவது beech மரம்) செய்துவிடலாம் என்றும், நீராவியில் வெந்த மரத்தைப் பூச்சி அரிக்காது என்றும் ஆசாரி சொல்கிறார். அவர் சொல்வது சரிதானா?

இழைப்புளி:
நாற்காலிக்குத் தயங்காமல் எடுங்கள். ஜன்னலுக்கு வேண்டவே வேண்டாம். சிறு எஃகுக் குண்டை மரத்தில் பாதியளவு பதிக்க எவ்வளவு விசை வேண்டும் என்று பார்க்கும் ஜங்கா கடினச் சோதனையில் ஐரோப்பிய பீச் சுமார் 1,450 பவுண்டு காட்டும், தேக்கு 1,100ஐ ஒட்டியே நிற்கும். ஆனால் கடினம் வேறு, நீடித்து உழைப்பது வேறு. தேக்கின் வைரத்தில் (நடுமரத்தில்) உள்ள எண்ணெய்ப்பசை பீச்சில் இல்லாததால், மழைச்சாரல் தொடர்ந்து பட்டால் பூஞ்சை பிடித்து உளுத்துப்போகும். கறையானுக்கும் அது எளிய இரை. நீராவியில் வைப்பது பலகையின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்தி, வெளிறிய நிறத்தை இளஞ்சிவப்பாக்கும். அப்போது உள்ளே இருக்கும் பூச்சி சாகுமே தவிர, பிறகு வருவதை அது தடுக்காது.

நாற்காலியில்தான் பீச்சின் அருமை தெரியும். நெருக்கமான, சீரான நார் என்பதால் நீராவியில் சூடேற்றினால் வில்லாக வளையும். வியன்னாவின் மரச்சாமான் தயாரிப்பாளர் மிகயேல் தோனெட் 1859இல் கொண்டுவந்த 14ஆம் எண் நாற்காலி இப்படி வளைத்த பீச்சில் உருவானதுதான்.

மாடுங்கா மரவேலை:
மேசை விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பீச் ஈரத்துக்கேற்ப மிகுதியாக உப்பிச் சுருங்கும் மரம். நீங்கள் சொல்லும் அகலத்தில், மழைக்காலத்தில் மரத்தின் ஈரப்பதம் 4 சதவீதம் கூடினாலே மேற்பலகை ஏறத்தாழ 14 மில்லிமீட்டர் விரியக்கூடும்; தேக்கில் பாதியளவே வரும். ஆகவே மேற்பலகையைக் கால்சட்டத்தோடு பசைபோட்டு இறுக்காமல், பலகை விரிந்து சுருங்க இடம் இருக்கும்படி நீள்துளையிட்டுத் திருகாணியால் பிடிக்கச் சொல்லுங்கள். அடிப்பக்கத்துக்கும் பாலிஷ் அவசியம். மேலே மட்டும் பூசினால் பலகை வளைந்துகொள்ளும். நம் ஆசாரிகள் பலர் கண்ணுக்குத் தெரியாத இடம் என்று அதை விட்டுவிடுகிறார்கள்.

செம்பூர்வாசி:
மிக்க நன்றி. அப்படியானால் ஜன்னலுக்கு வேறு வழி?

இழைப்புளி:
பழைய கட்டடங்களை இடிக்கும்போது எடுக்கும் தேக்குச் சட்டங்களை விசாரியுங்கள். வாங்கியதும் ஆணி ஒன்றுவிடாமல் பிடுங்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் இழைப்பவரின் பிளேடு போய்விடும்.