இது கற்பூரவல்லியா ஓமவல்லியா? அடித்தண்டு வேற கருப்பாகுது

பச்சைத்தொட்டி:
வணக்கம். ஒருத்தர் கற்பூரவல்லினு சொல்லி ஒரு கொப்பு ஒடிச்சு குடுத்தாங்க, தொட்டில வச்சு மூணு மாசம் ஆச்சு. இலை தடிமனா, ஓரம் வளைவு வளைவா, மேல பூனைமுடி மாதிரி இருக்கு, ஆனா கசக்கி மோந்தா கற்பூர வாசனை துளிகூட இல்ல, சுத்தமா ஓமம்தான். ஏமாந்துட்டேனா? இன்னொன்னு, தினமும் காலைல தண்ணி ஊத்துறேன், அப்படியும் அடித்தண்டு கருப்பாகி கொழகொழனு ஆகுது, இலையும் தொங்குது. தண்ணி பத்தலையோ?

வேர்ப்பிடி:
ஏமாறலங்க, ஒரே செடிக்கு ரெண்டு பேரு. ஓமத்துல இருக்குற தைமால்ங்குற வாசனைப் பொருள் இதுலயும் இருக்கு, கூட கார்வக்ராலும், அதான் அந்த வாசனை. மத்தபடி ஓமம் கொத்தமல்லி குடும்பம், இது துளசி குடும்பம், சொந்தமே இல்ல.

தண்ணிய முதல்ல நிறுத்துங்க! இலையிலயே தண்ணி சேத்து வச்சிருக்குற செடி அது, வேர் அழுகுனாலும் இலை தொங்கும், நாம வாடுதுனு நெனச்சு இன்னும் ஊத்துவோம். கருப்புக்கு மேல வெட்டுங்க, வெட்டுன இடத்துல நடுவுல பழுப்பு தெரிஞ்சா இன்னும் மேல வெட்டுங்க. நாலஞ்சு இஞ்ச் தண்டு போதும், கீழ் இலைய கிள்ளிட்டு ஒரு நாள் நிழல்ல காயவிட்டு, பாதி மணல் கலந்த மண்ணுல ஒரு கணு உள்ள போற மாதிரி நடுங்க. ரெண்டு வாரத்துல வேர் விட்டுரும். விரல விட்டுப் பாத்து மண்ணு காஞ்சிருந்தா மட்டும் தண்ணி.

மண்புழு_மாமா:
எதுக்கும் தண்ட விரல்ல உருட்டிப் பாருங்க, நாலு பட்டையா தட்டுப்படணும். நான் ஒரு வருஷம் ரணகள்ளிய கற்பூரவல்லினு வளத்த ஆளு 😀 இலை ஓரத்துல குட்டிச்செடி மொளச்சப்புறம்தான் உறைச்சுது. அதுல முடியும் இருக்காது, வாசனையும் இருக்காது.

இலைக்கிறுக்கன்:
இதோட அறிவியல் பேரு பழைய புக்குல ப்ளெக்ட்ராந்தஸ் அம்போய்னிகஸ்னு இருக்கும், இப்ப கோலியஸ் அம்போய்னிகஸ், அதாவது 1790ல தாவரவியலாளர் லூரெய்ரோ வச்ச பேருக்கே திரும்பிட்டாங்க. கணுவுக்குக் கணு இடைவெளி நீண்டு போனா வெயில் பத்தலனு அர்த்தம். வீட்ல பூனை நாய் இருந்தா எட்டாத இடத்துல வைங்க, தின்னா வாந்தி எடுக்கும்.

பச்சைத்தொட்டி:
தண்டு பட்டையாதான் இருக்கு, நன்றி மாமா. மூணாவது வெட்டுலதான் உள்ள பச்சையா தெரிஞ்சுது, நாலு துண்டு தேறுச்சு. பூவாளிய எடுத்து பரண்மேல போட்டுட்டேன்.