2002 மாருதி 800: இடது பக்க பிரேக் லைட் எதை வாங்கலாம்?

டோல்கேட்காரன்:
வணக்கம். அப்பா வாங்கின வண்டி, விக்க மனசு வரல. போன வாரம் தேரடிகிட்ட ஒரு தண்ணி லாரி ரிவர்ஸ் எடுத்ததுல இடது டெயில் லேம்ப் நொறுங்கிடுச்சு. இப்போதைக்கு சிவப்பு டேப் ஒட்டி ஓட்டறேன். தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் சாலையில பின்னாடி கன்டெய்னர் லாரியை வெச்சிக்கிட்டுதான் பிரேக் போடணும், வயித்தைக் கலக்குது.

புதுப்பேட்டையில மூணு காட்டினாங்க. பழைய வண்டியில கழட்டின ஒரிஜினல் 350 ரூபா. பேர் தெரியாத புதுசு 300. எல்.இ.டி. வெச்ச ஜோடி 1,800, "நைட்ல சும்மா தூக்கும் சார்"னு சத்தியம் பண்றாரு. எதை எடுக்கட்டும்? ஆர்.சி. புதுப்பிக்க இன்ஸ்பெக்‌ஷன் வேற வருது.

சம்பந்தம் இருக்கானு தெரியல: விடியக்காலை ஷெட்ல லைட் எதுவும் போடாம பிரேக் மிதிச்சா, மீட்டர் விளக்கு லேசா எரியுது.

மூலக்கடை மச்சான்:
எல்.இ.டி. போடுங்க ப்ரோ. குண்டு பல்பு சூடாகி எரியவே கால் செகண்ட் கிட்ட ஆகும். இது மிதிச்ச உடனே எரியும். பின்னாடி வர்றவனுக்கு அந்த நேரமே பெருசு.

வண்ணை எலெக்ட்ரீசியன்:
மச்சான் சொன்ன வேகம் நிஜம்தான். ஆனா சார், கடைசியில போற போக்குல எழுதினீங்களே, அதுதான் நோயே. லேம்ப் வாங்கறதுக்கு முன்னாடி எர்த்தைப் பாருங்க, அதாவது பல்புல இருந்து கரண்ட் வண்டி பாடிக்குத் திரும்பற இணைப்பை.

உங்க பிரேக் பல்புக்குள்ள எரியற கம்பி ரெண்டு. 21 வாட் பிரேக்குக்கு, 5 வாட் ராத்திரி எரியற டெயில் லைட்டுக்கு. ரெண்டுக்கும் எர்த் ஒண்ணுதான். அது துருப்பிடிச்சா, பிரேக்குக்கு வந்த கரண்ட் இறங்க வழியில்லாம 5 வாட் கம்பி வழியா டெயில் ஒயர்ல ஏறி, மீட்டர் விளக்குல போய் எர்த் தேடும். அங்க லேசா எரியும், இங்க பிரேக் மங்கும். திருவொற்றியூர் உப்புக்காத்துக்கு இது சாதாரணம். ஒரு துண்டு ஒயரை எடுங்க. ஒரு முனையை ஹோல்டர் எர்த்துல, மறுமுனையைப் பெயின்ட் சுரண்டின பாடியில வெச்சு பிரேக் மிதிக்கச் சொல்லுங்க. பளிச்னு எரிஞ்சா கோளாறு எர்த்துலதான்.

இனி லேம்ப். உடைஞ்சதையும் கையில எடுத்துட்டுப் போங்க. கழட்டின ஒரிஜினலைத் திருப்பி உள்ளே பாருங்க. வெள்ளி பூச்சு உரிஞ்சு கறுத்திருந்தா வேணாம், வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கிறதே அதுதான். புதுசுன்னா வெயில்ல பிடிங்க: ரத்தச் சிவப்பா இருக்கணும், ஆரஞ்சு அடிச்சா ஒரு வெயிலுக்கு வெளுத்துடும். சுத்தி ரப்பர் இல்லாததை அங்கேயே வெச்சிட்டு வாங்க. ஒரு மழைக்கு கணேசபுரம் சுரங்கப்பாதை மாதிரி உள்ளே தண்ணி நிக்கும்.

ஹோல்டரும் முக்கியம். பல்புக்கு ரெண்டு காது இருக்கும், ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. தலைகீழா நுழையக் கூடாதுன்னுதான் அப்படி வெச்சிருக்கான். லூஸ் ஹோல்டர்ல எப்படித் திணிச்சாலும் போகும். அப்ப பிரேக் மிதிச்சா 5 வாட் எரியும்!

எல்.இ.டி. பத்தி: ஒரிஜினல் பல்பு பிரேக்குக்கு 440 லூமன், டெயிலுக்கு 35. அந்த வித்தியாசத்தை வெச்சுத்தான் பின்னாடி லாரிக்காரன் நீங்க நிக்கறீங்களா ஓடறீங்களானு கண்டுபிடிக்கிறான். மலிவு எல்.இ.டி.யில ரெண்டும் கிட்டத்தட்ட ஒண்ணாவே எரியும். சிவப்பு கண்ணாடிக்குள்ள வெள்ளை எல்.இ.டி. போட்டா ரோஸ் கலர்தான் வரும். ஜோடியா மாத்தினா இண்டிகேட்டரும் படபடன்னு அடிக்கும், அதை மினுக்க வைக்கிற பிளாஷரைத் தனியா மாத்தணும்.

என் கணக்கு: பூச்சு நல்லா இருந்தா கழட்டின ஒரிஜினல். இல்லன்னா ரப்பரோட ஒரு பிராண்ட் புதுசு. குண்டு பல்பு ரெண்டு பக்கமும் சேர்த்து மாத்துங்க.

காசிமேடு ஆர்எக்ஸ்:
அண்ணன் சொல்றது சரி. எங்க தெருவுல ஒருத்தர் எர்த் பாக்காம எல்.இ.டி. போட்டு, பிரேக் விட்ட பிறகும் லேசா எரிஞ்சிட்டே இருந்துச்சு. பேய் வண்டின்னு ஒரு மாசம் கிண்டல் பண்ணினோம்.

டோல்கேட்காரன்:
சொன்ன மாதிரியே ஆச்சு. டிக்கிக்குள்ள எர்த் ஸ்க்ரூ, பச்சையும் காவியுமா பூத்திருந்தது. உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சு, முறுக்கி, மேல வாஸ்லின் தடவினேன். மீட்டர் விளக்கு அடங்கிடுச்சு. அந்த 350 ரூபா லேம்ப்ல பூச்சு பாதி போயிருந்தது, விட்டுட்டேன். ஜி.பி. ரோட்டுல ரப்பரோட ஒண்ணு 520க்கு. எல்.இ.டி. கடைக்காரர் இன்னும் என்னைப் பார்த்தா முறைக்கிறாரு.

ஒரு சந்தேகம் மட்டும் மிச்சம். இப்ப வலது பக்கம்தான் மங்கலா தெரியுது. அதையும் கழட்டணுமா அண்ணே?

வண்ணை எலெக்ட்ரீசியன்:
ஆமா. ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்துட்டு வாங்க, உப்புத்தாள் என்கிட்டயே இருக்கு.