ஜர்னலிசம் படிக்கிறேன், ஆபீசில் சிரிக்கிறார்கள். தொடரவா, பி.காம். போகவா?

டீக்கடைப் பொண்ணு:

ஊர் கோவில்பட்டிப் பக்கம். அப்பா டீக்கடை வைத்திருக்கிறார். மதுரையில் பி.ஏ. ஜர்னலிசம், முதல் வருடம் முடித்துவிட்டேன். அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1000 ரூபாய் வருகிறது. அது மெஸ்ஸுக்கே காணாது, மிச்சமெல்லாம் அப்பா.

ஏன் இந்தப் படிப்பு என்றால், எங்கள் கடையில் காலை ஆறு மணிக்குப் பேப்பர் வந்ததும் நாலு பேர் நாலு தாளாகப் பிரித்துக்கொள்வார்கள். லோடு இறக்குகிற ஒரு தாத்தாவுக்குப் படிக்கத் தெரியாது. அவருக்காக யாராவது சத்தமாக வாசிப்பார்கள், பல நாள் நான்தான். நான் எழுதியதையே ஒரு நாள் அவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும் என்று ஆசை.

கல்லூரியில் லாஸ்வெல் மாடல், ஷ்ராம் மாடல் என்று தகவல் எப்படிப் போய்ச் சேர்கிறது என்கிற கோட்பாடுகள், எல்லாம் ஆங்கிலத்தில். 'யார், என்ன, எந்த வழியாக, யாரிடம், என்ன விளைவு' என்று மனப்பாடம் செய்து 68 மார்க் வாங்கினேன். இப்போது நெல்லையில் ஒரு நாளிதழில் முப்பது நாள் இன்டர்ன்ஷிப், இன்று பதினோராவது நாள். திங்கட்கிழமை கொக்கிரகுளம் ஆட்சியர் அலுவலகத்துக்கு மக்கள் குறைதீர்க்கும் நாள் பார்க்க அனுப்பினார்கள். மூன்று பக்கம் குறிப்பு எடுத்து வந்தேன். எத்தனை மனு, எந்தத் துறைக்கு எத்தனை, யார் யாருக்கு நலத்திட்ட உதவி, ஒன்று விடவில்லை. மூத்த நிருபர் ஒருவர் தன் போனைக் காட்டினார். நான் எழுதியது அத்தனையும் அரசு செய்திக்குறிப்பாக வாட்ஸ்அப்பில் ஏற்கெனவே வந்திருந்தது. "மனு கொடுக்க வந்ததுல ஒருத்தர் பேராவது தெரியுமாம்மா?" என்றார். தெரியவில்லை. "காலேஜ்ல ஒரு வருஷமா என்னதான் சொல்லிக் கொடுத்தாங்க?" என்றதும் டெஸ்க்கில் எல்லோரும் சிரித்தார்கள்.

அங்கே பாதிப் பேர் இந்தப் படிப்புப் படித்தவர்கள் இல்லை. தமிழ் எம்.ஏ., வரலாறு, ஒருவர் பாலிடெக்னிக். அப்புறம் எனக்கு எதற்கு இந்தப் பட்டம்? அப்பாவிடம் சொன்னால் "பி.காம். மாறிக்கோ, ஆடிட்டர் ஆபீஸ்லயாவது உக்காரலாம்" என்பார். உண்மையைச் சொல்லுங்கள்.

ராத்திரி டெஸ்க்:

தங்கச்சி, நானும் தமிழ் எம்.ஏ. படித்துவிட்டுத்தான் வந்தேன். சப் எடிட்டராகப் பதினான்கு வருடம். ஜர்னலிசம் படிக்காததால் என்ன ஆனது என்று ஒன்று சொல்கிறேன்.

சேர்ந்த மூன்றாவது மாதம், ராத்திரி ஷிப்ட். ஒரு சிறுமிக்கு நடந்த கொடுமை பற்றிச் செய்தி வந்தது. சிறுமியின் பெயரை எடுத்துவிட்டேன், பெரிய வேலை செய்துவிட்ட நினைப்பு. ஆனால் கிராமத்தின் பெயர் இருந்தது, படிக்கும் பள்ளி இருந்தது, அப்பா என்ன தொழில் என்பதும் இருந்தது. பக்கம் அச்சுப் பிளேட்டுக்குப் போகிற நேரத்தில் செய்தி ஆசிரியர் பார்த்து நிறுத்தினார். கத்தவில்லை. "அந்த ஊர்ல அந்தத் தொழில் பாக்குறவர் எத்தனை பேர் இருப்பார்?" என்று மட்டும் கேட்டார். அன்று நான் தூங்கவில்லை.

குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 2012இல் வந்த போக்சோ சட்டம், பிரிவு 23. பெயர், முகவரி, படம் மட்டுமல்ல, குடும்ப விவரம், பள்ளி, வசிக்கும் பகுதி என்று குழந்தையை அடையாளம் காட்டுகிற எதையும் போடக் கூடாது. போட்டால் ஒரு வருடம் வரை சிறை. இது எனக்கு அன்று தெரியாது. உங்களுக்கு ஊடகச் சட்டம் என்று ஒரு பேப்பரே வரும். அதை மார்க்குக்காகப் படிக்காதீர்கள்.

அதே பேப்பரில் ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு, 1994 என்று ஒரு வழக்கு வரும். தூக்குத் தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் வெளியிடப் பார்த்தது, சிறைத் துறை அதிகாரி தடுத்தார், உச்ச நீதிமன்றம் வரை போனது. அவதூறு வந்துவிடும் என்று சொல்லி அரசோ அதிகாரிகளோ வெளியிடும் முன்பே தடுக்க முடியாது, வந்த பிறகு வழக்குப் போட்டுக்கொள்ளலாம் என்றது தீர்ப்பு. பொது ஆவணத்தில் உள்ளதைச் சங்கரின் சம்மதம் இல்லாமலே போடலாம், அதைத் தாண்டினால் அந்தரங்கத்தில் கை வைத்ததாகும் என்றும் சொன்னது. யாராவது அதிகாரி போனில் மிரட்டினால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதுதான். நான் இதைப் படித்தது வேலைக்கு வந்து ஆறு வருடம் கழித்து, உங்களுக்கு இருபது வயதுக்குள் கிடைக்கிறது.

லாஸ்வெல் பற்றி என்னிடம் கேட்காதீர்கள், யாரென்றே தெரியாது.

தாலுகா நிருபர்:

பகுதி நேர நிருபராக இருபது வருடம், பிளஸ் டூ. மாதச் சம்பளம் கிடையாது. வரும் செய்திக்குத் தருவது பெட்ரோலுக்குச் சரியாகப் போகும், வீட்டை மனைவியின் தையல் மிஷின்தான் நடத்துகிறது. அதனால் 'பட்டமே வேண்டாம், அனுபவம் போதும்' என்று நான் சொல்ல மாட்டேன். பட்டம் இருந்தால் என்னைப் போல இருபது வருடம் ஒரே தாலுகாவில் கிடக்க வேண்டியதில்லை.

ஆனால் பாப்பா, சிரித்தார்கள் என்பதை விடு. அந்த ஆள் கேட்ட கேள்வி சரியான கேள்வி. சிரிக்காமல் கேட்டிருக்கலாம், அவ்வளவுதான்.

குறைதீர்க்கும் நாளில் கூட்ட அரங்குக்குள் உட்காராதே. உள்ளே இருப்பது செய்திக்குறிப்பில் வந்துவிடும். வெளியே மனு எழுதிக் கொடுப்பவர் பக்கத்தில் போய் நில். வருகிறவர்கள் தங்கள் கதையை முழுசாகச் சொல்வது அவரிடம்தான். உள்ளே போனால் ஆளுக்கு அரை நிமிடம். பெண்களிடம் பேச்சுக் கொடுத்து ஒன்றே ஒன்று கேள்: "இது எத்தனாவது மனு?"

ஏன் சொல்கிறேன் என்றால், 2017 அக்டோபரில் நீ போன அதே ஆட்சியர் அலுவலகத்தில்தான் கந்துவட்டிக் கொடுமையால் கணவன், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள் தீக்கு இரையானார்கள். முன்பே பல முறை மனு கொடுத்தவர்கள். அந்த மனுக்களும் ஏதோ ஒரு திங்கட்கிழமைக் கணக்கில் ஒன்று, இரண்டு என்று எண்ணப்பட்டவைதானே. எங்களில் யாராவது அப்போதே அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் என்று இன்றைக்கும் தோன்றும். நான் வேறு தாலுகா, இருந்தாலும் தோன்றும். அதைக் கார்ட்டூனாக வரைந்த பாலாவை அடுத்த மாதமே கைது செய்தார்கள், மறுநாள் ஜாமீனில் வந்தார். இதைக் கல்லூரியில் நடத்துகிறார்களா தெரியாது, நடத்த வேண்டும்.

அஞ்சாவது செம்:

நானும் இதே கோர்ஸ்தான்பா, உனக்கு ஒரு வருடம் சீனியர். பி.காம். போனால் முதல் வருடத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டும், அப்பாவுக்கு ஒரு வருடச் செலவு கூடுதல். அதையும் கணக்கில் வை.

தமிழ்99 விசைப்பலகையில் வேகமாக அடிக்கப் பழகு. எங்கள் செட்டில் பாதிப் பேர் இன்னும் ஆங்கில எழுத்தில் தட்டித்தான் தமிழ் வரவைக்கிறார்கள், டெஸ்க்கில் அந்த வேகம் பத்தாது. தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு போட்டுப் பார், கட்டணம் 10 ரூபாய்தான், 30 நாளில் பதில் தர வேண்டும். நான் எங்கள் வார்டு நூலகம் பற்றிப் போட்டேன், 41ஆம் நாள்தான் பதில் வந்தது. லைப்ரரியில் இருக்கும் சட்டப் புத்தகம் பழசு, அவதூறுக்கு இந்திய தண்டனைச் சட்டம் 499, 500 என்று இருக்கும். 2024 ஜூலை 1 முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 356. என் நோட்ஸ் தருகிறேன். விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டத்துக்கும் அறிவிப்பு வரும்போது போடு, எந்தப் பட்டம் படிக்கிறவர்களும் போடலாம்.

லாஸ்வெல் எனக்கும் புரியவில்லை.

டீக்கடைப் பொண்ணு:

எல்லோருக்கும் நன்றி. பி.காம். பற்றி அப்பாவிடம் இன்னும் பேசவில்லை.

இந்தத் திங்கட்கிழமையும் நானே கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். மனு எழுதுகிறவர் முதலில் விரட்டினார், பிறகு டீ வாங்கிக் கொடுத்தார் (எங்கள் கடை டீ அளவுக்கு இல்லை). பட்டா மாறுதலுக்கு வந்திருந்த ஒரு பாட்டியிடம் கேட்டேன். ஒன்பதாவது மனு. எட்டு ஒப்புகைச் சீட்டையும் மஞ்சப்பையில் ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார். ஊரிலிருந்து வந்துபோக இரண்டு பஸ், அன்றைய கூலியும் போச்சு என்றார். ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தேன். செய்திக்குறிப்புச் செய்திக்குக் கீழே ஆறு வரி வந்தது. என் பெயர் இல்லை. சிரித்த அந்த நிருபர்தான் டெஸ்க்கில் பேசி அதைப் போட வைத்தாராம், ஃபோட்டோகிராபர் அண்ணன் சொன்னார்.

தாலுகா நிருபர்:

ஆறு வரி பெரிது. அந்த எட்டுச் சீட்டையும் போனில் படம் எடுத்தாயா? தேதி, மனு எண், எந்த அலுவலருக்கு அனுப்பினார்கள் என்று அதில் இருந்திருக்குமே.

டீக்கடைப் பொண்ணு:

எடுக்கவில்லை அண்ணா. போன் நம்பரும் வாங்கவில்லை. ஊர் பெயர் தெரியும். சனிக்கிழமை போகிறேன்.