பழைய அக்ரிலிக் மேல் சைலேன் இறங்குமா? ஆலோசனை தேவை

வணக்கம். டொராண்டோவில் 400 சதுர அடி கான்கிரீட் டிரைவ்வே. காரிலிருந்து உப்புத் தண்ணீர் சொட்டும் இடங்களில் மேல்தோல் செதில் செதிலாக உரிகிறது. துளைக்குள் உறையும் நீர் 9% விரியும். உப்பு சேர்ந்தால் சேதம் இன்னும் கூடும்.

செப்டம்பரில் 40% சைலேன் (கான்கிரீட் துளைக்குள் இறங்கி நீரை விலக்கும் திரவம்) அடிக்கத் திட்டம்: பிரஷர் வாஷ், 2 நாள் காயவிட்டு, தரை 5 டிகிரிக்கு மேல் இருக்கும்போது.

சிக்கல் இதுதான்: பழைய அக்ரிலிக் சீலர் (மேலே படலமாகப் படியும் பூச்சு) திட்டுத் திட்டாக ஒட்டியிருக்கிறது. அங்கே தண்ணீர் தெளித்தால் ஊறாமல் முத்தாக நிற்கிறது, ஆகவே சைலேனும் இறங்காது. பூச்சைக் கரைத்தெடுக்கும் கெமிக்கல் ஸ்ட்ரிப்பர் போதுமா, ஷாட் பிளாஸ்ட்தான் (சிறு எஃகு உருண்டைகளை வேகமாக வீசிச் சுரண்டுவது) வழியா? ஸ்ட்ரிப்பரின் எச்சம் துளைகளில் தங்காமல் எப்படிக் கழுவுவது?

உரிந்த இடங்களுக்கு பாலிமர் பேட்ச் (பாலிமர் கலந்த சிமென்ட் ஒட்டு) முதலில்தான் போட வேண்டும், சைலேனுக்குப் பின் ஒட்டாது. இடையில் எத்தனை நாள் விடுகிறீர்கள்? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள், பனிக்கு முன் முடிக்க வேண்டும்.