இழை: கிளாக் ஸ்பிரிங்குக்குத் தமிழ்ச்சொல் (வெள்ளி மாலைக்குள் வேண்டும்)

கோவை ஆசிரியர், திங்கள் இரவு:

குழுவினருக்கு வணக்கம். தொழிற்பயிற்சி மாணவர்களுக்கு மோட்டார் வாகனப் பாடம் எடுப்பவன் நான். பழைய ஜெர்மன் சொகுசுக் கார் ஒன்றை, பிள்ளைகள் பிரித்துப் பழகட்டும் என்று ஒரு நல்லவர் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். இருபத்தைந்து வயது ஆகிறது. என்ஜின் இன்னும் முணுமுணுக்காமல் ஓடுகிறது. கெட்டதெல்லாம் ஓட்டுநரின் கைக்கும் கண்ணுக்கும் எதிரே இருப்பவைதான். வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே உள்ள சின்னத் திரையில் எழுத்துகள் பாதி பாதியாக விழுகின்றன; காலையில் தெரிவது வெயில் ஏறினால் மறைந்துவிடுகிறது. ஸ்டியரிங்கை இடப்பக்கம் ஒடித்தால் ஹாரன் அடிக்கிறது, நேராக்கினால் ஊமையாகிவிடுகிறது. காற்றுப்பை எச்சரிக்கை விளக்கு அணைவதே இல்லை. சாவியை உருவினால் ஸ்டியரிங் தானாக மேலே எழும்பி, இறங்குவதற்கு வழிவிட வேண்டும். இப்போது பல்சக்கரம் வழுக்கும் சத்தம் மட்டுமே வருகிறது.

இவற்றுக்கான செய்முறைக் குறிப்பு, முப்பது பக்கம், வெள்ளி மாலை அச்சுக்குப் போகிறது. எனக்கு நான்கு சொற்கள் வேண்டும்: டாஷ்போர்டு, அதில் பதிந்திருக்கும் மீட்டர் தொகுதி, ஸ்டியரிங்கைத் தாங்கும் ஸ்டியரிங் காலம் (column), கிளாக் ஸ்பிரிங். நான்காவதற்கு ‘கடிகாரச் சுருள்வில்’ என்று எழுதி வகுப்பில் கொடுத்துப் பார்த்தேன். அரை மணி நேரத்தில் ஒரு பையன் டாஷ்போர்டில் இருந்த கடிகாரத்தைக் கழற்றிக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டான். அவன்மேல் தவறில்லை. காப்பாற்றுங்கள்.

மதுரைப் பேராசிரியர், செவ்வாய் அதிகாலை:

அன்புள்ள ஆசிரியருக்கு, கடன் வாங்க வேண்டிய அவசியமே இல்லாத துறை இது. தேர் ஓட்டிய இனம் நாம். சங்கப் பாடல்களில் ‘கொடிஞ்சி நெடுந்தேர்’ என்று வருவதை அறிவீர்கள். தேரின் முன்புறம் தாமரை மொட்டு வடிவில் நட்டிருக்கும் உறுப்பு அது. தேரில் நிற்பவர் கையால் பற்றுவது. ஓட்டுநரின் முன்னால், கைக்கு எட்டும் இடத்தில், பற்றுவதற்கென்றே ஓர் உறுப்பு! ஸ்டியரிங்குக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எந்த மொழியில் இருக்கிறது? கொடிஞ்சி, கொடிஞ்சித்தண்டு, கொடிஞ்சிப் பூட்டு. ஓட்டுநர் வலவன். ‘வலவன் ஏவா வான ஊர்தி’ என்று புறநானூறு 27-ஆம் பாட்டு...

நடுவர்:

ஐயா, இடைமறிப்பதற்கு மன்னிக்கவும். வலவன் ஏவா வான ஊர்தியை ஓர் இழைக்கு ஒருமுறைதான் ஓட்டலாம் என்று போன ஆண்டே முடிவு செய்தோம். இந்த இழைக்கான முறை தீர்ந்தது.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

பேராசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கொடிஞ்சி அழகான சொல்தான், ஆனால் அது திரும்பாது. ஆடாமல் நின்று பிடிமானம் தருவதே அதன் வேலை. காரில் அதற்கு நேரான உறுப்பு ஒன்று உண்டு: வளைவில் வண்டி சாயும்போது பின்னிருக்கைப் பெரியவர்கள் தொங்குவார்களே, கதவுக்கு மேலே இருக்கும் அந்தக் கைப்பிடி. அதற்குக் கொடிஞ்சி என்று வைத்தால் முதல் கையொப்பம் என்னுடையது.

டாஷ்போர்டை அப்படியே விட்டுவிடலாம் என்பேன். குதிரை வண்டியில் குளம்பு வாரியடிக்கும் சேற்றைத் தடுக்க முன்னால் அறைந்த பலகைக்குத்தான் ஆங்கிலத்தில் அந்தப் பெயர் முதலில் இருந்தது. குதிரை போயிற்று, சேறு போயிற்று, பெயர் நின்றது. அவர்களே பொருளைத் தொலைத்துவிட்டு நிம்மதியாக ஓட்டுகிறார்கள். நாம் ஏன் ‘சேறுதடுப்பி’ என்று தொடங்கி அவதிப்பட வேண்டும்?

தஞ்சை அன்பர்:

> அப்படியே விட்டுவிடலாம்

விட்டுவிட்டு விட்டுவிட்டுத்தான் இந்த நிலைக்கு வந்திருக்கிறோம். முன்பலகை என்றால் யாருக்குப் புரியாது? மீட்டர் தொகுதி மானித் தொகுதி. ஸ்டியரிங் திசைமாற்றி. சுக்கான் என்று யாராவது தொடங்குவதற்குள் சொல்லிவிடுகிறேன்: அது அரபியிலிருந்து கப்பலேறி வந்த சொல். சுக்கானை ஏற்கலாம் என்றால் ஸ்டியரிங்கை ஏன் ஏற்கக் கூடாது என்று நாளை கேட்பீர்கள்.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

நாளை எதற்கு, இன்றே கேட்கிறேன்.

மியூனிக் பொறியாளர், செவ்வாய் நள்ளிரவு:

வணக்கம். வாகன மின்னணுவியல் துறையில் இருப்பதால் பொருளைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன்.

கிளாக் ஸ்பிரிங் கடிகாரமும் அல்ல, வில்லும் அல்ல. ஸ்டியரிங் சுற்றுகிறது, ஹாரன் பொத்தானும் காற்றுப்பையும் அதோடு சேர்ந்து சுற்றுகின்றன, ஆனால் அவற்றுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி அசையாத பக்கத்தில் இருக்கிறது. சாதாரணக் கம்பியைக் கட்டினால் நான்கு திருப்பத்தில் முறுக்கி அறுந்துவிடும். அதனால் நெகிழியில் செம்புக் கோடுகள் பதித்த ஒரு தட்டையான பட்டையைச் சுருட்டி, வட்டப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். ஒரு பக்கம் திருப்பினால் சுருள் இறுகும், மறுபக்கம் திருப்பினால் தளரும். பழைய கைக்கடிகாரத்தின் உள்வில்லைப் போல் தோன்றியதால் அந்தப் பெயர். ஜெர்மனில் விக்கல்ஃபேடர் என்போம், சுற்றிய வில் என்று பொருள். ஆசிரியரின் ஹாரன் விட்டுவிட்டு ஒலிப்பதைப் பார்த்தால் அந்தப் பெயரைத் தமிழாகவே படிக்கலாம் போலிருக்கிறது.

அடுத்து ஸ்டியரிங் காலம். ஜெர்மனில் லெங்க்ஸாய்லெ, ஸாய்லெ என்றால் தூண். உடனே ‘திசைமாற்றித் தூண்’ என்று எழுதத் தோன்றும். வேண்டாம். தூண் மடங்கக் கூடாது. இது மடங்க வேண்டும். மோதலில் ஈட்டிபோல் ஓட்டுநரின் நெஞ்சில் பாயாமல் உள்வாங்கிச் சுருங்குவதற்காகவே செய்யப்படுவது. ஜெனரல் மோட்டார்ஸ் 1967 மாடல் கார்களில் இதைக் கொண்டுவந்தது. 1968-இல் அமெரிக்கா சட்டமே ஆக்கிவிட்டது. அதோடு, உள்ளே சுழலும் தண்டு வேறு, அதைச் சுற்றியிருக்கும் சுழலாத குழாய் வேறு. இரண்டும் சேர்ந்ததுதான் காலம். குறிப்பில் எங்காவது இந்த இரண்டும் குழம்பினால், சுழலக் கூடாததை யாராவது சுழற்றிப் பார்ப்பார்கள்.

இன்னொன்று. ‘மானி’ என்றால் அளப்பது. டாஷ்போர்டில் இருக்கும் முள் எதையும் அளப்பதில்லை. எண்ணெய் அழுத்தத்தை அளக்கும் உணரி கீழே என்ஜினில் இருக்கிறது. மேலே இருப்பது அதன் வாய். பழுதுபார்க்கும்போது இந்த வேறுபாடுதான் முக்கியம். முள் விழுந்தால் பழுது அளப்பதிலா, காட்டுவதிலா? ‘காட்டித் தொகுதி’ என்றால் கேள்வி சொல்லிலேயே இருக்கும்.

யாழ்ப்பாணத்திலிருந்து:

வணக்கம். எங்களிடம் ஓட்டுநர் சாரதி, சக்கரம் சில்லு. அவற்றையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளலாமே? தமிழ்நாட்டில் மட்டும்தான் வாகனம் ஓடுகிறது என்ற எண்ணத்தில் இந்த இழை போகிறது.

கோவை ஆசிரியர்:

அம்மா, மனத்தாங்கல் வேண்டாம். ஆனால் ‘சில்லை மாற்று’ என்று நான் எழுதினால் என் மாணவன் மீட்டரைத் திறந்து மின்னணுச் சில்லைப் பெயர்க்கத் தொடங்குவான். இங்கே கணினிக்காரர்கள் அந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

காட்டித் தொகுதியை எடுத்துக்கொள்கிறேன். திசைமாற்றித் தண்டு, தண்டுக்குழாய் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதிவிட்டேன். தஞ்சை ஐயாவின் முன்பலகையும் சேர்ந்தது. நான்காவது சொல் இன்னும் வரவில்லை. இன்று புதன்.

மதுரைப் பேராசிரியர்:

நான்காவதற்கு எதற்கு இவ்வளவு தவிப்பு? சுருணை. ஓலைக் கணக்கைச் சுருட்டி வைத்தால் அது ஓலைச்சுருணை. தட்டையான பட்டை, அதில் பதிந்த கோடுகள், சுருட்டி உறைக்குள் வைத்தது. மியூனிக் அன்பர் விவரித்தது அச்சு அசலாக ஓலைச்சுருணை அல்லவா?

ஆசிரியருக்கு இன்னொரு செய்தியும் பயன்படும். மாற்றுச் சக்கரத்தை ஸ்டெப்னி என்கிறோமே, அது வேல்ஸ் நாட்டில் லனெல்லி ஊரின் ஸ்டெப்னி என்ற தெருப் பெயர்; 1904 வாக்கில் அங்கே இருந்த நிறுவனம் உதிரிச் சக்கரம் செய்து விற்றது. தெருப் பெயரை மடியில் கட்டிக்கொண்டு அலைகிறோம். நம்மிடமோ ‘சேம அச்சு’ இருக்கிறது. புறநானூறு 102-இல் ஔவையார், உப்பு வண்டிக்காரர்கள் மேடுபள்ளத்துக்கு அஞ்சி அடியில் கட்டிச் சென்ற மாற்று அச்சைச் சொல்கிறார். சேமச் சக்கரம் என்றால் எவ்வளவு...

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

ஐயா, சேமச் சக்கரத்துக்கு நான் மயங்கிவிட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் யாரும் அதைக் கேட்கவில்லை. சுருணைக்கு வருவோம். என் பாட்டி தரை மெழுகிய பழந்துணிக்குப் பெயர் சுருணை. காற்றுப்பைச் சுற்றில் சுருணையைச் சரிபார் என்று படித்தால் எனக்கு ஒரு வாளியும் சேர்ந்தே தெரிகிறது.

என் பரிந்துரை: சுருள்நாடா.

தஞ்சை அன்பர்:

நாடா வடக்கிலிருந்து வந்தது. ‘வார்’ என்ற நம் சொல் எங்கே போயிற்று? சுருள்வார்.

கோவை ஆசிரியர்:

வாரை ஏற்கெனவே செலவழித்துவிட்டேன் ஐயா. விசிறியைச் சுற்றும் பெல்ட் வார்ப்பட்டை, பற்கள் உள்ளது பல்வார். சுருள்வாரைக் கொடுத்தால் என்ஜின் பக்கம் தேடுவார்கள்.

நாடாவிலும் ஒரு சிக்கல் உண்டு. என் மாணவர்களில் பாதிப்பேர் நெசவுக் குடும்பத்துப் பிள்ளைகள். அவர்களுக்கு நாடா என்றால் பாவுக்கு நடுவே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடுகிற தறி நாடா. அது சுருளாது. ஆகவே சுருள் என்ற முன்னொட்டு கட்டாயம் வேண்டும்.

தஞ்சை அன்பர்:

வடசொல்லுக்கே தொல்காப்பியர் எழுத்தை மாற்றித்தான் இடம் கொடுத்தார். இங்கே எழுத்தும் மாறவில்லை, எதுவும் மாறவில்லை.

சென்னை மொழிபெயர்ப்பாளர்:

‘கடிசொல் இல்லைக் காலத்துப் படினே’ என்றும் அவரேதான் சொன்னார். நாடாவில் மாற்றுவதற்கு எந்த எழுத்து இருக்கிறது ஐயா? நா, டா. இரண்டும் நம்முடையவைதான்.

(இதன் பிறகு வந்த பதினோரு மடல்கள் மானி என்பது ‘மா’ என்னும் பின்னப் பெயரிலிருந்து வந்ததா, வடமொழி மானத்திலிருந்து வந்ததா என்பது பற்றியவை. அவற்றைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். — நடுவர்)

கோவை ஆசிரியர், வியாழன் மாலை:

இன்று வகுப்பில் அந்தப் பெட்டியைத் திறந்தே விட்டோம். மின்கலத்தின் எதிர்முனையைக் கழற்றி, கையேடு சொன்ன நேரம் வரை கைகட்டிக் காத்திருந்து, காற்றுப்பையை எடுத்து முகம் மேலே பார்க்கத் தனியாக வைத்துவிட்டு, பிறகுதான். கறுத்த நெகிழிப் பெட்டி, உள்ளங்கை அகலம். மூடியை நெம்பியதும் பட்டை மூச்சு விடுவதுபோல் உப்பிக்கொண்டு வெளியே வந்தது. ஒரு பையன் முனையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போனான். மேசை முடிந்த பிறகும் அது முடியவில்லை. வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தோம். உள்முனையில் பட்டை மடியும் இடத்தில் ஒரு செம்புக் கோடு மயிரிழை அளவு விட்டிருந்தது. பட்டையை வளைத்தால் முனைகள் தொடுகின்றன, நிமிர்த்தினால் பிரிகின்றன. இடப்பக்கம் ஒடித்தால் மட்டும் ஹாரன் அடித்த மர்மம் அதுதான். பக்கத்துக் கோடு காற்றுப்பையுடையது; அது முழுவதுமாகவே அறுந்திருந்தது.

அதை ஒட்டவைக்கலாமா என்று கேட்டார்கள். கூடாது, புதியதுதான். புதியதைப் பொருத்தும்போது முன்சக்கரங்கள் நேராக இருக்க வேண்டும், சுருள் நடுநிலையில் இருக்க வேண்டும். ஒரு கோடி வரை மெல்லத் திருப்பி, அங்கிருந்து மறுகோடி வரை எத்தனை சுற்று என்று எண்ணி, அதில் பாதி திரும்பி வர வேண்டும். இதைத் தவறவிட்டால் முதல் முழுத் திருப்பத்திலேயே பட்டை அறுந்துவிடும். இந்தப் பத்தியை எழுதும்போது ‘சுருளை நடுநிலைப்படுத்து’ என்று இயல்பாக வந்தது. சுருணையை, சுருள்வாரை என்று போட்டுப் படித்தேன், நாக்கு நின்றது. சுருள்நாடா என்றே அச்சுக்குக் கொடுக்கிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘கிளாக் ஸ்பிரிங் என்று கடையில் கேட்கவும்’ என்று ஒரு வரி சேர்த்திருக்கிறேன். உதிரிபாகக் கடைக்காரரிடம் சுருள்நாடா கேட்டால் அவர் தையல் கடைக்கு வழிகாட்டுவார்.

திரையில் எழுத்து விழும் பழுதுக்கும் இதே நோய்தான்: கண்ணாடிக்கும் மின்பலகைக்கும் நடுவே உள்ள மெல்லிய பட்டையின் ஒட்டு வெப்பத்தில் விட்டுப்போகிறது. அதற்கு ‘ஒட்டுநாடா’ என்று எழுதினேன். யாரும் எதிர்க்க வேண்டாம், நேரமில்லை.

மியூனிக் பொறியாளர்:

ஒட்டுநாடா என்றால் இங்கே எல்லோரும் பொட்டலம் ஒட்டும் நாடாவை நினைப்பார்கள். சொல்லிவிட்டேன், அவ்வளவுதான். எதிர்க்கவில்லை.

தஞ்சை அன்பர்:

சுருள்நாடாவுக்கு என் மறுப்பைப் பதிவு செய்யவும்.

நடுவர்:

பதிவாயிற்று. சுருள்நாடாவுக்கு ஐவர், சுருள்வாருக்கு ஒருவர், சுருணைக்கு ஒருவர், எதுவும் வேண்டாம் என்று இருவர்.

மதுரைப் பேராசிரியர், ஞாயிறு காலை:

அச்சாகிவிட்டது என்று அறிகிறேன், மகிழ்ச்சி. கொடிஞ்சி பற்றிய என் கருத்தில் மாற்றமில்லை. இரண்டாம் பதிப்பு வரும்போது நினைவூட்டுவேன். அதுவரை ஒரு சிறு ஐயம். ஹாரனை ஹாரன் என்றே விட்டுவிட்டீர்களே, ‘கொம்பு’ ஏற்கெனவே கோயில் வாசலில் ஊதிக்கொண்டுதானே இருக்கிறது? இதுபற்றி ஏழு பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதி வைத்திருக்கிறேன். தனி இழையாக இடலாமா?