தெர்மோஸ்டாட்டை மாற்றினால் கேஸ் பில் குறையுமா?

ஸ்காபரோவாசி:
பழைய வீடு, சூடாக்கக் கேஸ் ஃபர்னஸ், சூட்டைக் கூட்டிக் குறைக்கச் சுவரில் அந்தக் காலத்து வட்டத் தெர்மோஸ்டாட். குளிர்காலம் முழுக்க 23 டிகிரியிலேயே நிற்கிறது, நான் குறைத்தால் அம்மா கூட்டிவிடுகிறார். வைஃபை உள்ளதை வாங்கினால் மிச்சம் பிடிக்கலாமா?

பனிக்கரடி:
முதலில் ஃபர்னஸ் சுவிட்சை அணைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டின் மூடியைக் கழற்றி வயர்களை எண்ணுங்கள் அண்ணா. இரண்டுதான் என்றால் சி வயர் இல்லை. வைஃபை மாடல்கள் பலவற்றுக்கு 24 வோல்ட் தொடர்ந்து வர அது வேண்டும். அப்புறம், பழைய வட்டமானதற்குள் பெரும்பாலும் பாதரசக் குமிழ் இருக்கும், குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

கணக்கப்பிள்ளை:
வைஃபை தானாக ஒன்றும் மிச்சம் பிடிக்காது. தினமும் 8 மணி நேரம் 4 முதல் 5.5 டிகிரி வரை குறைத்து வைத்தால் வருடத்துக்கு 10 சதவீதம் வரை மிஞ்சும் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை. எங்கள் வீட்டில் பகலில் 20, படுக்கும்போது 17. ஃபர்னஸுக்குப் பதில் ஹீட் பம்ப் (வெளியிலிருக்கும் சூட்டை மின்சாரத்தால் உள்ளே இழுப்பது) என்றால் இவ்வளவு ஏற்றி இறக்காதீர்கள், திரும்பச் சூடாக்கும்போது துணை ஹீட்டர் ஓடி மிச்சத்தைத் தின்றுவிடும்.

ஸ்காபரோவாசி:
கழற்றிப் பார்த்தேன், இரண்டு வயர்தான். சரி, பேட்டரியில் ஓடுகிற, நேரம் குறித்து வைக்கக்கூடிய சாதாரணமானதையே வாங்குகிறேன். 20 என்று அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.