வறட்சி வந்தா சிங்கத்துக்குக் கொண்டாட்டமா?

சித்தி: (வீடியோ) ஐயோ பாருங்க எத்தன உசுரு ஆத்தோட போகுது 😢 கென்யாவாம்

பெரியப்பா: பாவம். ஆனா முதலைக்கு வருசம் பூரா சோறு

கார்த்தி: எங்கீங்க பெரியப்பா, அது மாரா ஆறு, வருசத்துக்கு சராசரியா 6,250 வில்டபீஸ்ட் (மாடு மாதிரி இருக்கற பெரிய மான் வகை) மூழ்கிச் சாகுதுன்னு ஆராய்ச்சி பண்ணி வச்சிருக்காங்க, அதுல முதலை திங்கறது 2 சதவீதம் தான். கொஞ்சம் கழுகுக்கு, மீதி மீனுக்கும் புழுவுக்கும். எலும்பு கரைய 7 வருசம் ஆகுதாம்

அத்தை: இட்லி திங்கற நேரத்துல போடற மெசேஜாடா இது

பவி: 😂😂

மாமா: அப்ப வறட்சி வந்து மொத்தமா செத்து விழுந்தா சிங்கத்துக்கு லாபம் தான மாப்ள. வேட்டையே ஆட வேண்டாம்

கார்த்தி: மொதல்ல லாபம் தான் மாமா. பின்னாடி தான் இருக்கு

கார்த்தி: 1993ல தான்சானியா செரங்கட்டி காட்டுல பெரிய வறட்சி. காட்டெருமையெல்லாம் புல்லு இல்லாம எலும்பும் தோலுமா நின்னுச்சு, ஒடம்பு பூரா உண்ணி. சிங்கம் நோகாம அடிச்சுத் தின்னுச்சு. ஆனா அந்த உண்ணியோட சேர்ந்து பபேசியான்னு ரத்தத்துல வாழற ஒட்டுண்ணி சிங்கத்துக்கும் ஏறிடுச்சு, அது எப்பவும் கொஞ்சூண்டு இருக்கறது தான், இந்த தடவ எக்கச்சக்கம்

பெரியப்பா: நம்ம செவலைக்கு உண்ணிக் காய்ச்சல் வந்து காப்பித்தண்ணி கலர்ல மோண்டுச்சே அதா

கார்த்தி: அதே கூட்டம் தானுங்க

அத்தை: டேய் இப்ப தான் காப்பியக் கையில எடுத்தேன்

மாமா: அத்தைய விடு. அதுலயே செத்துருச்சா

கார்த்தி: இல்ல மாமா. அடுத்த வருசம் 1994ல ஊர் நாய்கள்ட்ட இருந்து டிஸ்டெம்பர்னு நாய்க்கு வர்ற நோயோட வைரஸ் வந்துச்சு. அதுக்கு முன்னாடியும் அந்த வைரஸ் சிங்கங்களுக்கு வந்து போயிருக்கு, பெருசா ஒண்ணும் ஆகல. இந்த தடவ வைரஸ் எதிர்ப்பு சக்திய அடிச்சுப் போட, ரத்தத்துல இருந்த பபேசியா தலைவிரிச்சு ஆட, வலிப்பு வந்து வந்து விழுந்துச்சுங்க. சுமார் 1,000 சிங்கம் காலி, மூணுல ஒரு பங்கு

சித்தி: அடக்கடவுளே

பவி: வறட்சில மாட்டிக்கிட்டது எருமைன்னு பாத்தா சிங்கமும் சேர்ந்தா

கார்த்தி: நோய் வரலன்னாலும் மழை பெஞ்சப்புறம் கஷ்டம் தான் பவி. மிஞ்சினது நல்லா மேஞ்சு தெம்பா ஓடும், எண்ணிக்கையும் கொறஞ்சிருக்கும், சிங்கம் கூட்டம் மட்டும் அப்படியே நிக்கும். 2009 வறட்சில கென்யாவுல அம்போசெலி காட்டுல வில்டபீஸ்ட் வரிக்குதிரை ரெண்டும் பாதிக்கு மேல போச்சு, சிங்கம் நேரா அங்க மாடு மேய்க்கற மாசாய்க்காரங்க பட்டிக்குள்ள பூந்துருச்சு. கடைசில வேற எடத்துல இருந்து வரிக்குதிரைய லாரில ஏத்திட்டு வந்து உட்டாங்க கென்யா வனவிலங்குத் துறை

மாமா: சிங்கத்துக்குப் பார்சல் 😂

பெரியப்பா: எங்க ஐயன் மாட்டுக்கு வர்ற வெக்கை நோயப் பத்தி சொல்லுவாரு, ஒரே வாரத்துல பட்டி சுத்தமா தொடச்சுட்டுப் போயிருமாம். அது அங்கயும் போச்சா அப்புனு

கார்த்தி: போச்சுங்க. 1880கள் கடைசில மாட்டோட ஆப்பிரிக்காவுக்குள்ள எறங்கி பத்து வருசத்துல தெக்கு முனை வரைக்கும் போயிருச்சு, காட்டெருமை வில்டபீஸ்டும் மாட்டோட சேர்ந்தே செத்துச்சு. அப்புறம் சுத்தியுள்ள ஊர் மாட்டுக்குத் தடுப்பூசி போட்டாங்க, காட்டுக்குள்ள ஒரு ஊசி போடல, ஆனா அங்கயும் நோய் நின்னு போச்சு. செரங்கட்டில 1961ல ரெண்டரை லட்சம் இருந்த வில்டபீஸ்ட் 1977ல 13 லட்சம், சிங்கமும் கழுதைப்புலியும் கூடவே பெருகுச்சு. இத்தன வாய் மேய்ஞ்சா காய்ஞ்ச புல்லு எங்க மிஞ்சும், தீ கொறஞ்சு மரம் கூட வளர ஆரம்பிச்சுது

பெரியப்பா: அப்ப சிங்கத்தக் காப்பாத்தவும் நாய்க்கு ஊசி போட்டாப் போச்சு

கார்த்தி: போட்டாங்களே, நாய்ங்கள்ட்ட கொறஞ்சுது, சிங்கங்கள்ட்ட முழுசா நிக்கல. வேற மிருகத்துலயும் வைரஸ் சுத்துதுங்க. மாடு மாதிரி சுலபம் இல்ல இது

அத்தை: ஊசின்னதும் தான் ஞாபகம் வருது, நம்ம டாமிக்கு அந்த டிஸ்டெம்பர் போட்டதா இல்ல வெறிநாய் ஊசி மட்டுமா

கார்த்தி: வெறிநாய் மட்டும் தான் அத்தை. ஞாயித்துக்கெழம கூட்டிட்டு வாங்க, ஊசி அட்டைய மறக்காம எடுத்துட்டு வாங்க